உத்திராபதி வயலுக்கு ஒரு ராத்திரிக் கிடை

கீதாரி, நில்லுங்க. கொஞ்சம் நில்லுங்க. ஆடு பாட்டுக்கு வாய்க்காக் கரையில மேயட்டும், ஒண்ணும் ஆயிடாது. அந்தப் பக்கமெல்லாம் அறுப்பு முடிஞ்சு வெறும் தாள்தான் நிக்குது, யாரு வந்து சண்டைக்கு நிக்கப் போறா.

என்னைத் தெரியாது உங்களுக்கு. உத்திராபதின்னு கேட்டா இந்த ஊர்ல சின்னப்புள்ள கூடச் சொல்லும். அதோ, ரெண்டு தென்னைக்கு நடுவுல ஓட்டு வீடு தெரியுதே, அதான் நம்ம வீடு. வாய்க்காலுக்கு இந்தப் பக்கம் கிடக்கறது நம்ம வயல். பெரிய பண்ணைன்னு நினைச்சுடாதீங்க. ஒரு ஆளு பொழைக்கற அளவுக்கு இருக்கு. ஆளும் ஒண்ணுதான், அளவாப் போச்சு.

ராமநாதபுரத்துப் பக்கமா நீங்க? சிவகங்கையா? பேச்சைக் கேட்டதும் நினைச்சேன். அப்ப சாத்தையா கீதாரியைத் தெரியுமா, உங்களை மாதிரியே மந்தை ஓட்டிக்கிட்டு வர்றவன்? நெட்டையா இருப்பான், ஒத்தைக் காதுல மட்டும் கடுக்கன். தெரியாதா? நல்லதாப் போச்சு. தெரிஞ்சிருந்தா என்னைப் பத்தி ஒரு கதை சொல்லி வச்சிருப்பான். அந்தக் கதையை நானே சொல்றேன், கேட்டுட்டு நியாயம் யாரு பக்கம்னு நீங்களே சொல்லுங்க.

முதல்ல காரியத்தைப் பேசிடுவோம். இன்னைக்கு ராத்திரி உங்க கிடையை நம்ம வயல்ல மடக்குங்க, ஆடு பூரா விடியற வரைக்கும் இங்கேயே படுக்கட்டும். ஒரே ராத்திரி.

என்னது, கலியமூர்த்திக்கு வாக்குக் குடுத்துட்டீங்களா? அந்த எதிர் வயல்காரனா? எப்பப் பேசினான்? பாத்தீங்களா, ஆளு எப்படின்னு. நீங்க இன்னும் ஊரு எல்லையைத் தாண்டலை, அதுக்குள்ள போன் போட்டுட்டான். சரி, வாக்குன்னா வாக்குதான், நான் குறுக்க நிக்கலை. நாளைக்கு அவன் வயலுக்குப் போங்க. நாளானைக்கும் அங்கேயே கிடங்க. இன்னைக்கு ஒரு ராத்திரி இந்தப் பக்கம் படுத்தா உங்க ஆடு தேஞ்சா போயிடும்? நீங்க எதையும் சுமக்க வேண்டாம். வலை கட்டக் குச்சி வெட்டி வச்சிருக்கேன். குட்டியை மூட கூடு பத்தலைன்னா நம்ம வீட்டுல கோழிக்கூடு சும்மாத்தான் கிடக்கு. கோழி எங்கேன்னு கேக்காதீங்க, அது வேற கதை.

சாத்தையா முதமுதல்ல வந்தப்ப இந்த வயலு இருந்த இருப்பு வேற. வெறும் யூரியாவாக் கொட்டிக் கொட்டி மண்ணு செத்துப் போச்சு. கோடையில செருப்பில்லாம நடந்தா செங்கல்லு மேல நடக்கற மாதிரி இருக்கும். தண்ணி விட்டா உள்ள எறங்காது. மாடு வச்சிருந்தேன், ஒத்தை ஆளாப் பாக்க முடியாமக் குடுத்துட்டேன். மாட்டைக் குடுத்துட்டா எருவுக்கு எங்க போறது? அப்பத்தான் இதே கரையில, இதே மாதிரி ஒரு சாயங்காலம், அவன் ஆட்டை ஓட்டிக்கிட்டு வந்தான். நான்தான் நிறுத்தினேன். நம்மளா நிறுத்தினாத்தானே யாரும் நிக்கறாங்க.

ஒரு வாரம் மடக்கினான். ராத்திரிக்கு ராத்திரி இடம் மாத்தி மாத்தி, ஒரு மூலை விடாம. உங்களுக்கு நான் சொல்லணுமா, ஆடு படுத்து எழுந்த இடத்துல புழுக்கையும் மூத்திரமும் ஊறிக்கிடந்தா மண்ணு என்னமா மாறுதுன்னு. அந்த வருசம் உழுதப்ப மாவு மாதிரி உதிர்ந்துச்சு. நெல்லு பாத்தீங்களா, கதிரு ஒவ்வொண்ணும் தலையைத் தொங்கப் போட்டுக்கிட்டு நின்னுச்சு. களத்துல தூத்தினப்ப பதரே பறக்கலை. அப்பவே முடிவு பண்ணிட்டேன், இனிமே எந்த வருசமும் சாத்தையா கிடை இல்லாம நம்ம வயல்ல ஏர் கட்டறது இல்லைன்னு.

மண்ணுக்காகத்தான். வேற என்ன.

சோத்து விசயம் சொல்லணும். மத்தவங்க என்ன பண்ணுவாங்க, கிடைக்கு வந்தவங்களுக்கு அரிசியை அளந்து பொம்பளை கையில குடுத்துட்டு, பொங்கித் தின்னுக்குங்கன்னு கதவைச் சாத்திக்குவாங்க. நான் அப்படி இல்லை. கிடை நம்ம வயல்ல கிடக்கற வரைக்கும் அடுப்பு நம்ம அடுப்புதான். நானே சமைப்பேன். சிரிக்காதீங்க, ஊர்ல கல்யாணம்னா சாம்பாருக்கு என்னைத்தான் கூப்பிடுவாங்க. என் கல்யாணத்துக்குத்தான் யாரும் சாம்பார் வைக்கலை. அது ஒத்து வரலை, விடுங்க.

சாயங்காலம் விளக்கு வச்சதும் வாசல்ல வரிசையா இலை போட்டுடுவேன். சாத்தையா, அவன் பொஞ்சாதி ராக்கு, அவன் தம்பிங்க ரெண்டு பேரு. சாத்தையா சாப்பிடறப்ப பேச மாட்டான். ராக்கு வாயை மூடாது. எந்த ஊர்க் கம்மாயில என்ன கொள்ளை, எந்த நிலத்துக்காரன் எப்படி ஏமாத்தினான், எல்லாம் அது வாயில வரும். அது பேசறதைக் கேட்டுக்கிட்டே நான் கரண்டியோட நடந்துக்கிட்டிருப்பேன். ராக்கு ரெண்டு கையையும் இலை மேல குறுக்க வச்சுக்கும். "போதும்யா, இது வயிறா கம்மாயா?" அப்படின்னு கத்தும். நான் கை இடுக்கு வழியாவே ஒரு கரண்டி குழம்பை ஊத்திடுவேன். அது கத்தற கத்துல ஆடெல்லாம் எழுந்து நிக்கும். அந்த மாதிரி சிரிப்பு நம்ம வாசல்ல அந்த ஒரு வாரம்தான் கேக்கும். மிச்ச நாளெல்லாம் ரேடியோதான்.

போதும்ங்கற வார்த்தையே எனக்கு ஆகாது கீதாரி. என் தம்பிங்க திருப்பூர்ல இருக்கானுங்க. வந்தா அரிசி, உளுந்து, தேங்காய்னு மூட்டை மூட்டையாக் கட்டி வைப்பேன். "போதும்ண்ணே, பஸ்ல ஏத்த மாட்டான்"னு சொல்வானுங்க. நான் கண்டக்டர்கிட்ட சண்டை போட்டு ஏத்தி விடுவேன். இப்ப அவனுங்க வர்றது குறைஞ்சு போச்சு. ஊரு தூரம், பஸ்ஸு சரியில்லை.

அடுத்த வருசம் சாத்தையாவை ஒரு வாரத்துல விடலை. இன்னும் கொஞ்சம் நாளு கிடந்துட்டுப் போன்னேன். "எதுக்குய்யா, மடக்கின இடத்துலயே மடக்கறதா?"ன்னான். நல்லதைக் கூடக் கொஞ்சம் பண்ணினா என்னன்னு நிறுத்தி வச்சேன். அவன் கேட்ட கூலியைக் குடுத்தேன், குறை வைக்கலை. அந்த வருசம் பயிரு இடுப்புக்கு மேல. கருகருன்னு. ரோட்டுல போற பஸ்ல எல்லாத் தலையும் ஜன்னலுக்கு வெளியதான். கலியமூர்த்தி வரப்புல வந்து நின்னு பாத்துட்டுப் போனான். வயித்தெரிச்சல். அப்பறம் பாருங்க, பால் புடிக்கற நேரத்துல ஒரு காத்து. லேசான காத்துதான். பயிரு பூரா பாய் விரிச்ச மாதிரி படுத்துக்கிச்சு. எழுந்திரிக்கவே இல்லை. பாதிக்கு மேல பதரு. கலியமூர்த்தி வயலு படுக்கலை. அவன் பயிரு குட்டை, காத்துக்கு எட்டலை.

அதுக்கடுத்த வருசமும் காத்து. மறு வருசமும் காத்து. காத்துக்கு என் மேல மட்டும் என்ன கோவமோ தெரியலை.

விவசாய ஆபீஸ்லேர்ந்து ஒரு பொண்ணு வந்து மண்ணைப் பையில போட்டுக்கிட்டுப் போச்சு. திரும்ப வந்து சொல்லுது, "தழைச்சத்து ரொம்ப ஏறிப்போச்சு ஐயா, அதான் தண்டு மெலிஞ்சு பயிரு சாயுது. ரெண்டு மூணு வருசத்துக்கு இந்த வயலுக்கு எருவே வேண்டாம், கிடையும் போடாதீங்க." நல்ல பொண்ணுதான். வடை சுட்டுக் குடுத்தேன், ரெண்டு தின்னுட்டுப் போதும்னு எழுந்திரிச்சிடுச்சு. அதுக்கு என்ன தெரியும். எல்லா ஊருக்கும் சொல்றதை இங்கேயும் சொல்லிட்டுப் போச்சு. மண்ணுக்குப் போய் யாராவது சாப்பாட்டை நிறுத்துவாங்களா?

சாத்தையா மட்டும் என்ன. அந்த வருசம் வந்தவன் வயல்ல எறங்கினான், மண்ணைக் கையில எடுத்தான், மோந்து பாத்தான். "ஐயா, இந்த மண்ணு நெறஞ்சு கிடக்கு. இதுக்கு மேல போட்டா வீண்தான். அந்தாண்ட வயலு வெளுத்துக் கிடக்கு, அங்க மடக்கறேன்." நான் விடலை. கையைப் புடிச்சுக்கிட்டேன். இந்த ஒரு வருசம்னு கெஞ்சினேன்னே வச்சுக்குங்க. சரின்னு மடக்கினான். மனசில்லாமத்தான்.

அப்பத்தான் அந்த ஆட்டு விசயம் நடந்துச்சு.

ராக்குக்குன்னு ஒரு செவலை ஆடு. ராக்கோட அப்பன் வீட்டுல சீராக் குடுத்த ஆட்டோட வம்சமாம். நம்ம வயல்லதான் ரெட்டைக்குட்டி போட்டுச்சு. குட்டி ரெண்டும் முட்டி முட்டிக் குடிக்குது, ஆடு எலும்பும் தோலுமா நிக்குது. எனக்கு மனசு கேக்கலை. அன்னைக்குச் சோறு நிறைய மீந்து போச்சு. நான் ஆளை வச்சு அளந்து வடிக்கறது இல்லை, பானையை வச்சுத்தான் வடிக்கறது. கஞ்சியோட ஒரு வாளி நிறையக் கொண்டுபோய் வச்சேன். சாத்தையா முன்னாடியே சொல்லியிருந்தான், ஆட்டுக்குச் சோறு வைக்காதீங்க, வயித்துல புளிச்சுப் போயிடும்னு. ஆனா அது குடிச்ச குடியைப் பாக்கணுமே நீங்க! தலையைத் தூக்கலை. வாளியை நக்கிட்டு என் முகத்தைப் பாத்துச்சு. எனக்கு இன்னொரு வாளி வைக்காம இருக்க முடியலை.

விடியறப்ப வயிறு தம்பட்டம் மாதிரி உப்பிக் கிடந்துச்சு. ராக்கு மண்ணுல உக்காந்து அழுதுச்சு. சாத்தையா என்னை ஒரு வார்த்தை திட்டலை. திட்டியிருக்கலாம். குட்டி ரெண்டையும் தூக்கி வேற ஆட்டுகிட்ட ஊட்ட விட்டான், அவ்வளவுதான். விதி முடிஞ்சா எதுவும் போகும். பசியோட நின்னதுக்குச் சோறு போட்டது தப்புன்னு எந்த ஊர்லயாவது சொல்லுவாங்களா, நீங்களே சொல்லுங்க.

நீங்க ஏன் அந்தப் பக்கம் பாக்கறீங்க? ஆடு அங்கதான் இருக்கு, எங்கேயும் போகலை.

போன வருசம் வந்தான். இந்தக் கரையிலதான் வந்தான். நான் இலை அறுத்து வச்சுட்டு வாசல்லயே நிக்கறேன். வந்தவன் வந்து கும்புட்டான், "நல்லாருக்கீங்களாய்யா"ன்னான், ஆட்டை அந்தாண்ட கலியமூர்த்தி வயல்ல எறக்கிட்டான். என் கண்ணு முன்னாடி. நடுவுல ஒரே ஒரு வாய்க்காலு. என்ன மந்திரம் போட்டானோ அந்தக் கலியமூர்த்தி. அவன் ஒரு வேளை சோறு போட்டிருப்பானா? அரிசியை அளந்து குடுத்துட்டுப் போயிட்டான். அவங்க வரப்புல கல்லு கூட்டிப் பொங்கினாங்க. ராக்கு பேசறது எனக்குக் கேக்குது. சிரிக்கறது கேக்குது. என்ன சொல்லிச் சிரிக்குதுன்னுதான் கேக்கலை. அந்த ராத்திரியெல்லாம் நான் பட்ட பாடு எதிரிக்கும் வரக்கூடாது. நான் அடுப்பே மூட்டலை.

ரெண்டாம் நாளு ராக்கு ஒரு சட்டியில குழம்பு எடுத்துக்கிட்டு வாய்க்காலைத் தாண்டி வந்துச்சு. "எத்தனை வருசம் நீங்க ஊத்தினீங்க, ஒருநாள் எங்க குழம்பைத் தின்னு பாருங்க"ன்னுச்சு. எனக்கு வந்துச்சு பாருங்க ஒரு ரோசம். நம்ம வீட்டுல சமையல் ஆச்சு, வயிறு நிறைஞ்சு கிடக்குன்னுட்டேன். அது என் அடுப்பைப் பாத்துச்சு. சாம்பல்ல பூனை படுத்திருந்துச்சு. சட்டியை எடுத்துக்கிட்டுத் திரும்பிப் போயிடுச்சு. நான் ஒருத்தன் கையால வாங்கித் தின்னு பழகலை கீதாரி. குடுத்துத்தான் பழக்கம்.

இந்த வருசம் சாத்தையா இந்தப் பக்கமே வரலை. மேல ரோடு வழியாப் போயிட்டான்னு சொல்றாங்க. போகட்டும். ஆடு வச்சிருக்கறவன் அவன் ஒருத்தனா?

வராமப் போனா வரவைக்கத் தெரியாதா நமக்கு? பாருங்க, வரப்பு பூரா அகத்தி நட்டிருக்கேன். ஒடிச்சுப் போட்டா உங்க ஆடு ஓடி வரும். கருவேலங்காயை உலுக்கிக் காயவச்சு மூட்டை கட்டி வச்சிருக்கேன். சினையாட்டுக்கு அதை விட என்ன வேணும்? அறுப்புக்கு முன்னாடி நம்ம வயல்ல பயறு தெளிச்சேன்ல, ஊரே நெத்துப் பறிச்சு முடிச்சாச்சு, நான் ஒரு நெத்தைத் தொடலை. கொடியும் நெத்துமா அப்படியே நிக்குது. ஆடு தின்னட்டும். நான் பயறு வித்து யாருக்கு மாடி வீடு கட்டப் போறேன்?

என்ன? வெறும் வயித்துல பச்சைக் கொடியில எறக்கினா உப்பிடுமா? சாத்தையாவும் இதையேதான் சொல்வான். நீங்கள்லாம் ஒரே பள்ளிக்கூடத்துல படிச்சவங்க போலிருக்கு. சரி, பயறு வேண்டாம். கருவேலங்காய் மட்டும் போடுவோம். அளவா. நீங்களே அளந்து போடுங்க, நான் கை வைக்கலை.

எங்க எறங்கறீங்க? பாத்து, வரப்பு வழுக்கும். எதுக்கு மண்ணை எடுக்கறீங்க?

மோந்து பாக்காதீங்க கீதாரி. மோந்து பாத்துட்டு நீங்க என்ன சொல்வீங்கன்னு எனக்குத் தெரியும்.

சரி. தாளெல்லாம் படுத்த வாக்குல கிடக்கறதையும் பாத்துட்டீங்க. இந்தத் தடவையும் காத்துதான். ஆமா, கலியமூர்த்தி வயல்ல தாளு நேராத்தான் நிக்குது. பாத்தேன். தினமும் பாக்கறேன்.

வயலு வேண்டாம். விட்டுடுங்க. கொல்லையில தென்னை நிக்குது, அந்த அடியில மடக்குங்க. தென்னைக்கு எவ்வளவு போட்டாலும் தாங்கும்ல? போன மாசம்தான் ஒரு வண்டிக் குப்பை அடிச்சேன், அதனால என்ன. அதுவும் வேண்டாமா?

அப்ப ஒண்ணு பண்ணுங்க. வீட்டுக்கு முன்னாடி களம் இருக்கு. நெல்லடிக்கற களம், நல்லா அகலமா, சிமெண்டு போட்டது. அதுல மடக்குங்க. அந்தப் பக்கம் சுவரு, இந்தப் பக்கம் வலை கட்டினாப் போதும், நாய் நரி எதுவும் அண்டாது. விடியக்காலம் நானே கூட்டி அள்ளிடறேன். ஒரு புழுக்கை நம்ம வயலுக்குப் போகாது, சத்தியம். அள்ளினது அத்தனையும் கலியமூர்த்தி வயல்ல நானே கொண்டு கொட்டிடறேன். வாக்கு அவனுக்குத்தானே குடுத்தீங்க? எரு அவனுக்கே போகட்டும். உங்க வாக்கும் கெடாது.

உங்க வீட்டுத் தாயி என்ன கேக்குது, கூடையோட பின்னால நின்னுக்கிட்டு? சத்தமாத்தான் கேளேன்மா.

சிமெண்டுத் தரையில எதுக்குய்யா கிடைன்னா?

எதுக்கா. என்னம்மா கேள்வி இது. மண்ணுக்குத்தான். மண்ணுக்குத்தான்மா, வேற எதுக்கு.

கூடையை எறக்கி வச்சுட்டியே தாயி. நல்லது. கால் வலிச்சிருக்கும். கீதாரி, நீங்க யோசிச்சுக்கிட்டே வாங்க, அவசரம் இல்லை. உலை கொதிச்சாச்சு, அரிசியைத்தான் இன்னும் போடலை. பானைக்கு வடிக்கற பழக்கத்தை இன்னைக்கு விட்டுடறேன். தாயி கையைக் குறுக்க வச்சுப் போதும்னு சொன்னா அடுத்த கரண்டி வைக்க மாட்டேன். நீங்களே கூட இருந்து பாருங்க, வைக்கறேனான்னு. எத்தனை இலை அறுக்கணும்னு மட்டும் சொல்லிடுங்க, என்னையும் சேத்து.